பத்துக்கால் மீனாவும் தாமரை இலைக்கோழியும்

முத்துமீனா வென்றவை என்று வரிசை போட்டால் முதலில் தண்ணீர் வரும். மடைக்கரைப்பட்டியில் அந்தக் காலத்தில் பொம்பளைப் பிள்ளைகளைக் கண்மாயில் இறங்க விடமாட்டார்கள். அவள் எருமை வாலைப் பிடித்துக்கொண்டே நீந்தப் பழகி, ஒன்பது வயதில் கண்மாயைக் குறுக்காகக் கடந்தாள். அடுத்தது கண்ணாடிவிரியன். 2009 ஆடி மாதம் கரைமேல் அது கடித்தபோது தானே ரோட்டுக்கு வந்து, முதலில் வந்த வண்டியை மறித்து ஏறி, மதுரை பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து, பன்னிரண்டாம் நாள் வாசலில் கோலம் போட்டாள். அதற்கப்புறம் அவள் புருஷன் சோலை தென்னை மரத்திலிருந்து விழுந்தார். இனி எழுந்து நிற்கமாட்டார் என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டே கால் வருடத்தில் அவரை நிற்க வைத்தாள். இன்று அவர் உட்கார்ந்து பூக்கட்டும் வேலையை முழுசாகச் செய்கிறார்.

தாமரை பறிக்கும் வேலையையும் அவள் சும்மா பெறவில்லை. அது ஆம்பளை வேலை என்றார் குத்தகைக்காரர் சின்னச்சாமி. 2021 தை மாதம் பந்தயம் வைத்தார்கள். காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டு மணிக்குக் கரையேறியபோது அவளிடம் 386 மொட்டு இருந்தது. ஆண்களில் அதிகம் பறித்தவரிடம் 310. பூக்கட்டை ஏற்றமாட்டேன் என்ற சமயநல்லூர் பஸ் கண்டக்டரையும் வென்றாள். எப்படி என்பதை அந்தக் கண்டக்டரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இவையெல்லாம் ஊருக்குத் தெரியும். கடைசியாக அவள் வென்றது தன் சொல்லை. அதுதான் பலருக்குச் சரியாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி இதுதான்.

1993 ஐப்பசி. முத்துமீனாவுக்குப் பதினொரு வயது. வீட்டில் பள்ளிக்கூடம் போனது அண்ணன் சிவபாண்டி மட்டும். அவள் ஆடு மேய்த்தாள். அன்றைக்குக் கண்மாய் ஓரம் தாமரை இலைமேல் ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. கறுத்த கழுத்து, செம்பு நிற முதுகு, கண்ணுக்கு மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல வெள்ளைப் புருவம். கால் விரல்கள் ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி நீளம். அதைச் சுற்றிக் குஞ்சுகள். கிடாய்க்குட்டி ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கியதும் பறவை ஒரு சத்தம் கொடுத்துக் குந்தியது. குஞ்சுகளைக் காணோம். திரும்ப எழுந்து நடந்தபோது அதன் இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் கால்கள் தொங்கின. அவள் எண்ணிப் பார்த்தாள். இலையில் ஊன்றியது இரண்டு, தொங்கியது எட்டு.

ஆட்டைக் கூட விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணே! ஒரு பறவை பாத்தேண்ணே, அதுக்குப் பத்துக் காலு!”

சிவபாண்டிக்கு அப்போது பதினாலு வயது. பாடப் புத்தகத்தைக் கீழே வைக்காமலே கேட்டான். “பறவையா, பூரானா?”

“சத்தியமாண்ணே. குஞ்சு காலெல்லாம் றெக்கைக்குள்ள இருந்து தொங்குச்சு.”

“குஞ்சு என்ன, மஞ்சப்பையா, கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போக?”

மறுநாள் அவன் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அவள் பெயர் பத்துக்கால் மீனா. அந்தப் பெயரை வைத்தவன் சிவபாண்டிதான். இதை மறைப்பதில் நியாயமில்லை.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் எதைப் பார்த்து வந்து சொன்னாலும் அந்தப் பெயர் முன்னால் வந்து நின்றது. 2011 கார்த்திகையில் மடைக்குப் பக்கத்தில் கரை கசிகிறது என்று ஓடிவந்து சொன்னாள். டீக்கடையில் இருந்தவர்கள், “பத்துக்கால் சொல்லுது, போய்ப் பாருங்கப்பா” என்று சிரித்தார்கள். ஒருவரும் போகவில்லை. மறுநாள் விடியும்போது கரை பதினோரு அடிக்கு உடைந்து, கீழ்ப்புறத்து நாற்றங்கால் எல்லாம் மணல் மூடிக் கிடந்தது. நீ சொன்னது சரிதான் என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து அவள் பார்த்ததைச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஆனால் மனதில் ஒன்று இருந்தது. அந்தப் பறவையை இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். பார்த்ததை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

பறவையோ வரவில்லை. மீன் குத்தகை எடுத்தவர்கள் வலை சிக்குகிறது என்று தாமரையைக் கொடியோடு அறுத்தார்கள். பிறகு சில வருடம் தண்ணீரே இல்லை. 2019-ல் தூர்வாரிய பிறகுதான் கண்மாய் நிறைந்தது, தாமரை திரும்பியது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து நாரைகள் வந்தன, நாமக்கோழி வந்தது. அவள் பார்த்தது வரவில்லை.

2024 தீபாவளி கழித்து மூன்றாம் நாள், நவம்பர் 3, முத்துமீனா வழக்கம்போலக் காற்றடித்த லாரி டியூப்மேல் குப்புறப் படுத்து, கையால் துழாவிக்கொண்டு தாமரைக்குள் போனாள். தாமரைத் தண்டில் முள் இருக்கும். அதனால் சோலையின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருப்பாள். பறிக்கிறவர்களுக்குப் பூ மட்டும் போதாது. ஐம்பது மொட்டைச் சேர்த்துச் சுற்ற இரண்டு பெரிய இலை வேண்டும். தண்ணீரில் படுத்துக் கிடக்கிற முற்றிய இலைதான் கிழியாது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, காம்பை அடியில் ஒடித்து, இலையை இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடிப்பார்கள். இலையைப் பார்க்காமலே செய்கிற வேலை அது.

அன்றைக்கும் பார்க்காமலே ஒடித்தாள். இழுத்தபோது இலை கனத்தது. கவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது. இலைமேல் பாசியும் தண்டுமாக ஒரு சின்னக் குவியல். அதில் நான்கு முட்டைகள், எண்ணெய் தடவிய வெண்கலம் போல, மேலே யாரோ கறுப்பு மையால் கிறுக்கியது போலக் கோடு கோடாக.

தப்பு நடந்துவிட்டது. காம்பு ஒடிந்த இலை இனிக் காற்று தள்ளிய பக்கம் போகும். கரையில் ஒதுங்கினால் காக்கைக்குச் சாப்பாடு. முத்துமீனா இடுப்பில் செருகியிருந்த வாழைநாரை எடுத்தாள், பூக்கட்டுக்கு வைத்திருந்த நார். இலையின் அடிக்காம்பை நின்ற இடத்திலேயே பக்கத்துத் தண்டுகள் இரண்டோடு சேர்த்துக் கட்டினாள். முட்டையைத் தொடவில்லை. இருபது முழம் தள்ளிப் போய், டியூப்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. இலைகளின் மேல் ஒன்று நடந்து வந்தது. கறுத்த கழுத்து, செம்பு முதுகு, வெள்ளைப் புருவம். குவியலை ஒரு சுற்றுச் சுற்றியது, கட்டியிருந்த வாழைநாரை அலகால் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது, முட்டைகளை நெஞ்சுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

அன்று அவள் பூக்கட்டு பஸ்ஸைத் தவறவிட்டது. சோலை காரணம் கேட்டார். “இன்னைக்கு இலை சரியில்ல” என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து தினமும் பறிக்கிற வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஜோடியில் ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. பெரிசு தினமும் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முட்டைமேல் ஒரு நாளும் உட்காரவில்லை. வெயிலிலும் தூறலிலும் உட்கார்ந்தது சின்னதுதான். மேலே பருந்து வட்டமிட்டால் அசையாது. மனிதர் கரையில் நின்றால் நழுவி இறங்கித் தள்ளிப் போய்விடும். டியூப்மேல் படுத்து வருகிற முத்துமீனாவை மட்டும் அது ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

கூடப் பறிக்கும் பாண்டியம்மாள், சிவபாண்டியின் மனைவி, ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏண்டி மீனா, அந்த மூலையில மொட்டு அம்புட்டும் விரிஞ்சு வீணாப் போகுது. யாருக்கு விட்டு வச்சிருக்க?”

“அங்கிட்டுப் பாம்பு கிடக்கு மதினி.”

“விரியன் கடிச்சே சாகாதவ, தண்ணிப்பாம்புக்குப் பயந்துட்டியாக்கும்!”

ஆனாலும் பாண்டியம்மாள் அந்த மூலைக்குப் போகவில்லை. பாம்பு என்றால் அவளுக்கு நிஜமாகவே பயம்.

நவம்பர் 30, சனிக்கிழமை, குஞ்சு பொரித்தது. நான்கும் பொரித்தன. டிசம்பர் 2 காலை 7.10-க்கு ஒரு நீர்க்காகம் பக்கத்தில் திடீரென்று எழும்ப, அந்தச் சின்னப் பறவை குந்தியது. எழுந்தபோது இறக்கைக்கு அடியில் கால்கள் தொங்கின. முத்துமீனா எண்ணவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எண்ண முடியவில்லை.

கரையேறியதும் நேரே மோட்டார் ரூமுக்குப் போனாள். சிவபாண்டி ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை. எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு நிறுத்தினார் என்று பதினேழு வருடமாக நோட்டில் எழுதி வருகிறார்.

“அண்ணே, அது வந்துருச்சுண்ணே.”

“எது?”

“பத்துக்காலு.”

சிவபாண்டி சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் தேதி எழுதினார். “முதல்ல இருந்து சொல்லு. இலை ஒடிஞ்சது எத்தனாந்தேதி?” அவள் சொல்லச் சொல்ல எழுதினார். மோட்டார் நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. பதினேழு வருடத்தில் தொட்டி வழிந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

கண்மாய்க் கரையில் மதுரைப் பறவை பார்க்கும் குழு ஒன்று பலகை வைத்திருந்தது. இருபத்துநான்கு பறவைகளின் படம், கீழே ஒரு போன் நம்பர். இருவரும் போய் நின்றார்கள். முத்துமீனா ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

“இதுல இல்லண்ணே.”

“இந்தா, இலைமேல நிக்குதே. நீளவால் இலைக்கோழின்னு போட்டிருக்கு.”

“விரலு இதே மாதிரிதான். ஆனா இதுக்கு வாலு அருவா மாதிரி வளைஞ்சிருக்கு. நம்மளது கட்டை வாலு. புருவமும் இப்படியில்ல.”

சிவபாண்டி அந்த நம்பருக்குப் போன் போட்டு, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். எடுத்தது கனகலட்சுமி மேடம். மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், குழுவின் பதிவுகளைச் சரிபார்க்கிறவர். பொறுமையாகக் கேட்டார்.

“அது நீளவால் இலைக்கோழியாத்தான் இருக்கும்மா. குளிர்காலத்துல அதுக்கு அந்த நீள வால் உதிர்ந்துரும். உடம்பும் பழுப்பாயிரும். நிறையப் பேர் வேற பறவைன்னு நினைச்சுக்குவாங்க.”

முத்துமீனா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “மேடம், வாலு உதிரும், சரி. றெக்கையில இருக்க வெள்ளையும் உதிருமா?”

மேடம் குறுக்கே கேட்டார். “என்ன கேட்டீங்க?”

“பலகையில இருக்கது றெக்கை வெள்ளையா இருக்கு மேடம். நான் பாக்குறது பறக்கையிலயும் கறுப்புத்தான். வெள்ளை பொட்டுக்கூட இல்ல. அப்பறம், குஞ்சு வச்சிருக்க நேரத்துல எந்தப் பறவையாச்சும் வாலை உதிர்த்துட்டு நிக்குமா?”

“குஞ்சு இருக்கா?”

“நாலு. பொரிச்சு மூணு நாளு. றெக்கைக்குள்ள தூக்கிக்கிட்டு நடக்குது.”

மேடத்தின் குரல் மாறிவிட்டது. “அம்மா, நீங்க சொல்றது தாமரை இலைக்கோழி மாதிரி இருக்கு. உங்க கண்மாயில அதை யாரும் இதுவரைக்கும் பதிவு பண்ணலை. அது குஞ்சைத் தூக்குறதை நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்லை. குஞ்சு பெரிசாயிட்டா அப்புறம் தூக்காது. ஞாயித்துக்கிழமை வாரேன். அதுவரைக்கும் யாரும் பக்கத்துல போகாம பார்த்துக்கோங்க.”

போனை வைத்த பிறகு சிவபாண்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது புஸ்தகத்திலேயே இருக்காம்” என்றார்.

டிசம்பர் 4 அன்று குஞ்சுகள் மூன்றாயின. யாரோ கரையில் வெடித்த மிச்சத் தீபாவளி வெடிக்குப் பயந்து நான்கும் தண்ணீருக்குள் முங்கின; மூன்றுதான் மேலே வந்தன. அந்த இடத்தில் விரால் மீன் ஒன்று சுழித்துப் போனதை முத்துமீனா பார்த்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு. காலை 6.40-க்கு மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கழுத்தில் பைனாகுலர், தோளில் முக்காலி போட்ட தொலைநோக்கி. சுரிதார், கேன்வாஸ் ஷூ, முப்பத்தைந்து வயது இருக்கும். கரையில் முக்காலியை நிறுத்திப் பார்த்தார், பார்த்தார், எட்டரை வரை பார்த்தார். தாமரை இலைகள் ஆள் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றன. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கரையிலிருந்து தெரியவில்லை. அதற்குள் ஊரில் விஷயம் பரவி, பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

டீக்கடை பேயாண்டி சத்தமாகக் கேட்டார். “சிவபாண்டி, பத்துக்கால் ஷோ எத்தன மணிக்குப்பா? கடையைத் தொறந்து போட்டு வந்திருக்கேன்.”

“உன் டீயைக் குடிக்க ஆளு இல்லைன்னுதானே இங்க நிக்கிற. நில்லு.”

முத்துமீனா மேடத்தின் பக்கத்தில் வந்தாள். “மேடம், கரையில நின்னா அது வெளிய வராது. ஆளு நிமிந்து நின்னாலே அதுக்கு ஆகாது. தண்ணிக்குள்ள படுத்து வந்தா பாக்கலாம்.”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“டியூப்புக்குத் தெரியும் மேடம்.”

மேடம் தண்ணீரைப் பார்த்தார், டியூப்பைப் பார்த்தார், ஷூவைக் கழற்றினார். சோலையின் இன்னொரு சட்டை வந்தது. அது அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. போன் நனைந்துவிடும் என்று அதையும் பைனாகுலரையும் சிவபாண்டியிடம் கொடுத்தார். டியூப்மேல் குப்புறப் படுத்ததும் ஒரு பக்கம் சாய்ந்து, “அய்யோ, அய்யோ” என்றார். கரை முழுக்கச் சிரித்தது.

“மேடம், மூச்சை விடுங்க” என்று பாண்டியம்மாள் தன் டியூப்பிலிருந்து கத்தினாள். “இது என்ன எக்ஸாமா, இப்படி விறைச்சுக்கிட்டுக் கிடக்கீக!”

முத்துமீனா இரண்டு டியூப்பையும் நாரால் கட்டி, காலால் மெல்ல உதைத்து நகர்த்தினாள். முள்தண்டுகள் சட்டையில் உரசின. நூறடி உள்ளே போனதும் நிறுத்தி, இலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளியைக் காட்டினாள்.

பறவை நின்றது. கறுத்த கழுத்தில் வெயில் பட்டு நீலமும் பச்சையுமாக மின்னியது. வெள்ளைப் புருவம் தெளிவாக இருந்தது. அதன் காலடியில் பஞ்சுருண்டை போல மூன்று குஞ்சுகள், விரல் மட்டும் அதற்குச் சமமாக.

“தாமரை இலைக்கோழிதான்” என்று மேடம் மூச்சு விடாமல் சொன்னார். “அம்மா, இது ஆண். அடைகாத்ததும் இதுதான். பெரிசு பெண். முட்டை போட்டுட்டுப் போயிரும். குஞ்சைப் பாக்குறதெல்லாம் அப்பன் வேலை.”

முத்துமீனா ஒரு மாதமாகப் பார்த்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் ஒழுங்காக அடங்கியது. பெரிசு ஏன் உட்காரவில்லை என்று அவள் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறாள்.

பின்னால் வந்த பாண்டியம்மாளுக்கும் அது காதில் விழுந்தது. “அடி ஆத்தி! நான் இதுல பொறக்காமப் போயிட்டேனே. உங்க அண்ணனை ஒரு நாளைக்கு இங்கிட்டுக் கூட்டி வந்து காட்டணும்டி.”

நேரம் போயிற்று. குஞ்சுகள் இலைமேல் பூச்சி பொறுக்கின. அப்பன் இரண்டு இலை தள்ளி நின்று காவல் காத்தது. தூக்கவில்லை. மேடத்துக்குப் பதினொன்றரை மணிக்குப் பசுமலையில் ஒரு கல்யாணம். பத்து மணிக்காவது கிளம்ப வேண்டும். மணி ஒன்பதரை.

பாண்டியம்மாள் கிசுகிசுத்தாள். “ஒரு கைதட்டுத் தட்டுடி. பதறித் தூக்கிக்கிட்டு ஓடும். மேடம் பாத்துட்டுப் போவாக. முடிஞ்சது சோலி.”

முத்துமீனாவின் கை தண்ணீருக்குள் கிடந்தது. ஒரே ஒரு தட்டு. முப்பத்தோரு வருடம் அந்த ஒரு தட்டில் தீர்ந்துவிடும். கரையில் பேயாண்டி நிற்கிறார், ஊர் நிற்கிறது.

“வேணாம் மதினி. நாலாவது குஞ்சு அப்படி ஒரு சத்தத்துலதான் போச்சு.”

பாண்டியம்மாள் தன் டியூப்பை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு மேடம் மெதுவாகச் சொன்னார். “பறவையைப் பார்த்தாச்சு, குஞ்சையும் பார்த்தாச்சும்மா. இதுவே பெரிய பதிவு. குஞ்சைத் தூக்குறதை, நீங்க சொன்னதா எழுதிக்கிறேன்.”

“சொன்னதா எழுத வேணாம் மேடம்” என்றாள் முத்துமீனா. “முப்பத்தோரு வருசமா அது நான் சொன்னதாத்தான் இருக்கு. பாத்தா எழுதுங்க, இல்லாட்டி விட்டுருங்க.”

டியூப்பைத் திருப்புவதற்காக அவள் காலை மடக்கினாள். அப்போது ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்தது. இன்னொன்று இலையில் விழுந்து உருண்டது. மேற்கிலிருந்து தூறல் இலைகள்மேல் சடசடவென்று நடந்து வந்தது. கரையில் இருந்தவர்கள் புளியமரத்துக்கு ஓடினார்கள்.

“அசையாதீக” என்றாள் முத்துமீனா.

பறவை தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தது. முழங்காலை மடித்துக் குந்தி, இறக்கையை லேசாக விரித்தது. மூன்று குஞ்சுகளும் ஓடிவந்து இரண்டு பக்கமும் உள்ளே நுழைந்தன. இறக்கை இறுகியது. பறவை எழுந்தது. தூறலில், ஒவ்வொரு இலையாகப் பார்த்துக் கால் வைத்து, அடர்ந்த பக்கமாக நடந்தது. இறக்கைக்குக் கீழே மெல்லிய கால்கள், நீண்ட விரல்களோடு, ஆடிக்கொண்டே போயின.

மேடம் வாய்க்குள் எண்ணினார். “இந்தப் பக்கம் நாலு தொங்குது. அந்தப் பக்கம் ரெண்டு. அதோட கால் ரெண்டு.”

“எட்டு” என்றாள் முத்துமீனா.

“எட்டு” என்றார் மேடம். அவர் முகம் நனைந்திருந்தது. மழையா வேறா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டியூப் சாய்வதைக்கூட மறந்து ஒரு கையை எடுத்து முத்துமீனாவின் தோளைப் பிடித்தார். டியூப் கவிழ்ந்து இருவரும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

பாண்டியம்மாள் இலைகள் அதிரச் சிரித்தாள். கரையைப் பார்த்துக் கத்தினாள். “ஏய் பேயாண்டியண்ணே! நானும் பாத்தேன்! எட்டுக் காலு! கண்ணால பாத்தேன்!” பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். “எட்டுதானடி? அப்ப நீ இனி எட்டுக்கால் மீனாவா? பேரை மாத்தவும் ஊருக்கு முப்பது வருசம் ஆகுமே.”

“முன்னாடி நாலு குஞ்சு மதினி. இப்ப மூணு. கணக்கு சரியாத்தான் இருக்கு.”

மோட்டார் ரூமில் துண்டால் துடைத்துக்கொண்டு மேடம் பதிவுத் தாளை எடுத்தார். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது; அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பறவை, இடம், நேரம், குஞ்சுகள், முட்டை கண்ட தேதி, பொரித்த தேதி என்று கேட்டு எழுதினார். தேதிகள் சிவபாண்டியின் நோட்டில் தயாராக இருந்தன.

“எத்தனை வருஷமா பறவை பாக்குறீங்க?”

“அப்பப்ப பாக்குறதுதான்...”

“முப்பத்தோரு வருசம்” என்றார் சிவபாண்டி. “அப்படியே எழுதுங்க மேடம். முதல்ல பாத்தது 1993 ஐப்பசி. அதையும் எழுதுங்க. நான் நம்பலைன்னும் எழுதணும்னா எழுதிக்கோங்க.”

மேடம் 1993-ஐ எழுதினார். மற்றதை எழுதவில்லை.

“போட்டோ இல்லாத பதிவுக்கு ரெண்டு பேர் பார்த்ததா கையெழுத்து வேணும். அதுதான் எங்க குழு வழக்கம்” என்று முதலில் தான் போட்டார். தாளை முத்துமீனா பக்கம் நகர்த்தினார்.

பாண்டியம்மாள் சட்டென்று, “மை இருக்குங்களா? மீனா கைநாட்டுத்தான்” என்றாள். சிவபாண்டி மேசை டிராயரை இழுத்தார். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது.

“பொறுங்க” என்றாள் முத்துமீனா.

யாருக்கும் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. மார்க்கெட்டில் கட்டு மாறிவிடக் கூடாது என்று பறிக்கிறவர்கள் சுற்றுகிற இலையில் நகத்தால் அடையாளம் கீறுவார்கள். அவளுடையது ‘மு’. சோலை கற்றுக்கொடுத்தது அந்த ஓர் எழுத்துத்தான். மிச்ச எழுத்துகளை அவள் ரேஷன் கார்டைப் பார்த்துப் பார்த்து, டியூப்மேல் தனியாகக் கிடக்கும்போது இலைகளில் கீறிப் பழகியிருந்தாள். பேங்கிலும் ரேஷன் கடையிலும் எழுதுகிறேன் என்று சொல்வதற்குள் அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்குமே.

இங்கே வரிசை இல்லை. முத்துமீனா விரல்களைச் சட்டையில் துடைத்து, பேனாவை வாங்கினாள். மு எழுதினாள். நிறுத்திப் பார்த்தாள். த் போட்டுப் புள்ளியை மறக்காமல் வைத்தாள். து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. மீ பெரிசாக வந்தது. னா முடிக்கும்போது தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழ, கனகலட்சுமி மேடம் துப்பட்டா நுனியால் அதை ஒற்றி எடுத்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேடம் கொடுத்துவிட்டுப் போன நகல் மோட்டார் ரூம் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டிருக்கிறது: 2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.